நீலப் பெட்டி, சாம்பல் பெட்டி

எங்கள் தொழிற்சாலைக்கு வந்து திரை அக்கா என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிகூட, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தரச் சோதனைப் பிரிவில் பதினேழு வருஷம் இருந்தவள். ஒரு சுவிட்சைப் பிரித்துப் பார்த்தாலே, அது எந்த வாரம் எந்த மெஷினில் வந்தது என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமைக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. திரை போட்டதற்கு வைத்தார்கள்.

அது என்ன திரை என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது ஒரே ஒரு சாமான். குளியலறை ஹீட்டருக்குள் இருக்கும் சுவிட்ச், உள்ளங்கையில் அடங்கிவிடும். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் அது தானாகக் கரண்டை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், குழாயைத் திறந்தவர் மேல் ஆவியும் கொதிநீரும் பாயும். இந்தச் சுவிட்சை எங்களிடம் வாங்குவது இரண்டே இரண்டு பெரிய கம்பெனிகள். ஒன்றின் பெட்டிக்கு நீல லேபிள், மற்றதற்குச் சாம்பல் லேபிள். நாங்கள் அவர்களை நீலம், சாம்பல் என்றே சொல்லுவோம்.

டிவியில் இந்த இரண்டும் எலியும் பூனையும். "மற்றவர்களை நம்பி உங்கள் குழந்தையைக் குளிக்க விடாதீர்கள்" என்று நீலம் விளம்பரம் போட்டால், மறுவாரமே "பாதுகாப்பில் எங்களுக்கு இணை இல்லை" என்று சாம்பல் போடும். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே சுவிட்ச். காலையில் வந்தது நீலப் பெட்டிக்கு, மத்தியானம் வந்தது சாம்பல் பெட்டிக்கு. லேபிளை ஒட்டி அனுப்புகிற வேலை என்னுடையது. அனுப்புகைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. வாயாடி என்று பெயர் எடுத்தவள், அதையும் மறைப்பதற்கில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஆய்வாளர் வருவார். நீலத்தின் ஆள் வந்தால் சாம்பலின் சாமான் ஒன்றுகூட அவர் கண்ணில் படக் கூடாது. சாம்பலின் ஆள் வந்தால் நீலம் தெரியக் கூடாது. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதற்காக அக்கா கரும்பச்சைத் துணியில் இருபத்திரண்டு திரை தைத்து வைத்திருந்தாள். ஆய்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு அலமாரிக்கும் கொக்கி மாட்டிப் போடுவாள். அப்புறம் ஸ்டூலில் ஏறி நின்று, ஆய்வாளரின் உயரத்திலிருந்து ஏதாவது ஓரம் தெரிகிறதா என்று பார்ப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பதினேழு வருஷத்தில் ஒரு லேபிளின் நுனிகூட வெளியே தெரிந்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை. "கல்யாணப் பெண்ணை மறைக்கிற மாதிரி மறைக்கிறியேக்கா" என்று நான் சீண்டுவேன். "கல்யாணப் பொண்ணு ஓடிப் போனா வேற பொண்ணு பாக்கலாம்டி, கான்ட்ராக்ட் ஓடிப் போச்சுன்னா?" என்பாள்.

பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் பெட்டி மடிக்கிற வேலைதான். படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தானாகப் பார்த்துப் பார்த்துச் சோதனைப் பிரிவுக்கு ஏறியவள். கட்டிக்கொண்டது ஒரு ஹீட்டர் மெக்கானிக்கை. சாம்பல் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை. வீடு வீடாகப் போய் ஹீட்டர் மாட்டுவார். "நீ செய்யறத நான் மாட்டறேன், நம்ம வீட்ல ஒரு கம்பெனியே ஓடுது" என்பது அவருடைய பழைய ஜோக். ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுவார்கள், இரண்டு பேருக்கும் கேட்டுவிடும்.

அந்த மாதம் நான்காம் தேதி நீலக் கம்பெனியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நான்கு சுவிட்ச். வீடுகளிலிருந்து கழற்றி அனுப்பியவை. நான்கும் சூட்டில் ஒட்டிக்கொண்டு கரண்டை வெட்டாமல் நின்றுவிட்டவை. அக்கா பிரித்துப் பார்த்தாள். தொடும் முனையில் வெள்ளிப் பூச்சு பாதிகூட இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம், பூச்சுத் தொட்டியில் கரைசல் குறைந்திருந்தும் மெஷினை நிறுத்தாமல் ஓட்டினார்கள். அந்த வாரத்துச் சரக்கு.

நேராக என் மேசைக்கு வந்தாள். "அந்த வாரத்துச் சரக்கு எங்கெங்க போச்சுன்னு பாருடி."

பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டாயிரத்து நானூறு. ஒன்பதாயிரத்து அறுநூறு நீலத்துக்கு. மிச்சம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு சாம்பலுக்கு.

அக்கா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. "எங்க வீட்டுக்காரர் இப்போ மாட்டிக்கிட்டு இருக்கறது இதைத்தான்" என்றாள்.

இரண்டு பேருமாக மேனேஜர் அறைக்குப் போனோம். மேனேஜர் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் காரிலேயே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீலத்துக்குத் தெரியும். இலவச சர்வீஸ் மாசம்னு ஒண்ணு அறிவிச்சு, சத்தம் போடாம எல்லாத்தையும் மாத்தப் போறாங்க. ஒரே ஒரு கண்டிஷன். சாம்பலுக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அடுத்த நாளே விளம்பரம் போட்டு அவங்களக் கிழிச்சிடுவாங்கல்ல?"

"சார், சாம்பல் வீட்டுலயும் இதே சுவிட்ச்தான் சார் இருக்கு."

"எனக்குத் தெரியாதாம்மா? ஒரு கஸ்டமர் விஷயத்த இன்னொரு கஸ்டமர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். நீயும் போட்டிருக்க. சொன்னா நீலம் போயிடும். தப்பு நம்ம மேலன்னு சாம்பலும் போயிடும். நூத்தி நாப்பது குடும்பம். அவங்க வீட்டுலேர்ந்தும் கம்ப்ளெய்ன்ட் வரும்ல, அப்போ பாத்துக்கலாம்."

கம்ப்ளெய்ன்ட் என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். யாரோ ஒருவர் வெந்து போக வேண்டும். அதைச் சொல்ல மூன்று பேரில் யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. இத்தனைக்கும் நான் வாயாடி.

அதற்குப் பிறகு அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டில் நடந்ததெல்லாம் அவளே பின்னால் சொன்னாள். தினமும் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து கை கால் கழுவும்போது, "இன்னிக்கு எத்தன வீடு?" என்று கேட்பாள். "ரெண்டு," "ஒண்ணு," "இன்னிக்கு ரிப்பேர் மட்டும்தான்" என்பார். மாட்டவில்லை என்று சொல்கிற நாளில் மட்டும் அவளால் சாப்பிட முடியும். ஒரு நாள், "ஏங்க, ஒரு பத்து நாள் லீவு போடுங்களேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். முதுகு வலிக்குதுன்னு சொன்னீங்களே."

"முதுகு வலி வந்து ஆறு வருஷம் ஆச்சு. இப்பத்தான் உனக்குக் கேட்டுச்சா?" என்று சிரித்தாராம்.

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வரும். அவர் வாயில் எதுவும் தங்காது. காலையில் சர்வீஸ் சென்டரில் போய் மேசையைத் தட்டிக் கேட்டுவிடுவார். சாயங்காலத்துக்குள் யார் சொன்னது என்று இங்கே வந்துவிடும். மகளுக்குக் கடைசி வருஷம். பயம்தான், வேறொன்றுமில்லை. அக்காவுக்கு நான் அதற்கு வேறு பெயர் கொடுக்கப் போவதில்லை, அவளும் கொடுத்துக்கொள்ளவில்லை. அவள் சொல்லவில்லை, அவர் மாட்டிக்கொண்டே இருந்தார்.

மேனேஜரிடம் இன்னும் இரண்டு தடவை போனாள். முதல் தடவை, "பொறும்மா" என்றார். இரண்டாம் தடவை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சாம்பலின் ஆய்வாளர் இருபத்துமூன்றாம் தேதி வருகிறார், திரையெல்லாம் சரியாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

இருபத்திரண்டாம் தேதி அக்கா எப்போதும் போல இருபத்திரண்டு திரையையும் போட்டாள். எப்போதும் போல ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். மறுநாள் காலையில், ஆய்வாளரின் கார் வாசலில் நிற்கும்போது, ஒரே ஒரு திரையை ஒரு சாண் அளவுக்கு விலக்கிவிட்டு வந்தாள். திரும்பி வந்த நீலச் சுவிட்சுகள் இருந்த அலமாரி அது. ஒவ்வொன்றிலும் சிவப்புச் சீட்டு, சீட்டில் பழுது என்ன என்பதும் சரக்கு எண்ணும் கொட்டை எழுத்தில். அவள் போய் வந்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரியும்.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் வருகிறார். சாம்பல் பெட்டிக்குப் போகிற எண்ணெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நடந்து வந்தவர் அந்த அலமாரிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சிவப்புச் சீட்டைப் படித்தார். உதடு அசைந்து அசைந்து எண்ணைப் படித்ததை நான் நான்கு அடி தூரத்திலிருந்து பார்த்தேன். மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. அக்கா இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கையை நீட்டித் திரையைப் பிடித்து, கடைசிக் கொக்கி வரை இழுத்து மூடினார்.

"காத்துல விலகிடுச்சு போல" என்றார். அந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது.

நாங்கள் யாரிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தோமோ, அவருக்கே பார்க்க விருப்பமில்லை. தெரிந்துவிட்டால் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அவர்களுடைய புது மாடல் அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. தெரியாதவரைக்கும் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. போட்டி போட்டுக்கொண்டு விளம்பரம் செய்தவர்களுக்குள் இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு ஒற்றுமை! அப்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஆய்வு முடிந்ததும் மேனேஜர் அறையில் கடைசிக் கூட்டம். ஆய்வாளர் ஒரு படிவம் கொண்டுவருவார், ஒவ்வொரு தாளிலும் வரிசை எண் அச்சடித்திருக்கும், மூன்று நகல். கிழித்தால் எண் விட்டுப் போகும், கேள்வி வரும். நாங்கள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி வரி, "தொழிற்சாலைப் பணியாளர் தெரிவிக்க விரும்புவது". அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று இத்தனை வருஷத்தில் யாரும் யோசித்ததில்லை. ஆய்வாளரே முன்கூட்டி ஒரு கோடு போட்டுவிடுவார். அன்றைக்கு ஏதோ அவசரத்தில் கோடு போட மறந்துவிட்டார்.

படிவம் அக்காவிடம் வந்தது. கையெழுத்துப் போடாமல், அந்த வரியில் எழுத ஆரம்பித்தாள்.

"என்னம்மா எழுதறீங்க?" என்றார் ஆய்வாளர்.

"சரக்கு எண் சார்."

"எந்தச் சரக்கு?"

"நீங்க இப்போ படிச்சீங்களே, அது. வெள்ளிப் பூச்சு குறைவு, சூட்டுல ஒட்டிக்குது. உங்களுக்கும் அனுப்பியிருக்கோம்."

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "யம்மா, பேனாவக் கீழ வை. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க."

ஆய்வாளர் குரலைத் தணித்துக்கொண்டார். கெஞ்சுகிற குரல் அது. "இத எழுதிட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்மா."

"அதுக்குத்தான் சார் எழுதறேன்."

அவர் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். எத்தனை சுவிட்ச் போனது என்ற எண்ணிக்கை இல்லாவிட்டால் இந்தக் குறிப்பு செல்லாது, அனுப்புகைப் பிரிவு அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது நாளாக அந்த எண் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். "லெட்ஜரப் பாக்கணும்" என்றேன்.

"பாத்துட்டு வா" என்றாள் அக்கா.

என் அறைக்குப் போய் லெட்ஜரை எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தேன். எழுதவில்லை. லெட்ஜரை அந்தப் பக்கத்தில் திறந்து மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். திட்டவில்லை. தானே குனிந்து 12,800 என்று எழுதி, லெட்ஜர் பக்க எண்ணையும் எழுதி, இரண்டு இடத்திலும் தன் கையெழுத்தையே போட்டாள். ஆய்வாளர் ஒரு நகலைக் கிழித்து மேனேஜரிடம் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். எட்டு நாளில் சாம்பல் கம்பெனி பேப்பரில் அரைப் பக்கம் விளம்பரம் கொடுத்தது. உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம், அதனால் சில ஹீட்டர்களில் ஒரு சிறு பாகத்தைத் தாங்களே முன்வந்து மாற்றித் தருகிறார்களாம். என்ன பழுது, எப்போது தெரிந்தது, ஒரு வார்த்தை கிடையாது. நீலத்தின் இலவச சர்வீஸ் மாதத்திலும் கிடையாது. இரண்டு கம்பெனியின் வக்கீல்களும் எங்கள் மேனேஜர் அறையில் வந்து உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் பேசுவதில்லை என்று சுமுகமாக முடித்துக்கொண்டார்கள். வேறு தொழிற்சாலை உடனே கிடைக்காததால் ஆர்டர் ஒன்றுகூடக் குறையவில்லை. நூற்று நாற்பது குடும்பம் என்றார்களே, அதில் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான் வேலை போனது.

அந்தக் குடும்பத்தில் அப்போது பேச்சே இல்லை. சர்வீஸ் சென்டரில் அவரிடம் மாற்ற வேண்டிய வீடுகளின் பட்டியலைக் கொடுத்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். அக்கா மழுப்பவில்லை. "நாலாம் தேதி" என்றாள்.

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அக்கா என்னிடம் சொன்னாள். பட்டியலை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து, நான்காம் தேதிக்குப் பிறகு தன் கையால் மாட்டிய வீடுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனாராம். பதினான்கு வீடு. "தெனமும் எத்தன வீடுன்னு கேட்டியே" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் டூல் பையை எடுத்து வைத்துவிட்டு வாசலில் நின்றார். "நான் மாத்திட்டு வந்துடுவேன். ஏன் மாத்தறேன்னு கேப்பாங்க. அத நீ வந்து சொல்லு."

அக்கா போனாள். கம்பெனி சொல்லிக் கொடுத்த வாசகம் ஒன்று இருந்தது, சிறு மேம்பாடு என்று. அதை அவள் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், "இதுல பழுது இருக்கு. நான் அந்தத் தொழிற்சாலையில இருந்தேன். நாலாம் தேதியே எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது" என்றாள். ஒரு வீட்டில் கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார்கள். ஒரு வீட்டுக்காரர் வாயில் வந்தபடி பேசினார். ஒரு அம்மா டீ போட்டுக் கொடுத்தார். அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது என்றாள்.

ஒன்பதாவது வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்கு இடது கையில் முழங்கையிலிருந்து விரல் வரை கட்டு. அக்காவின் வீட்டுக்காரர் டூல் பையைக் கீழே வைத்துவிட்டார். அக்கா சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னாள்.

அந்தப் பெண் அமைதியாகக் கேட்டாள். "நாலாம் தேதியா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுல மாட்டினது பத்தாம் தேதி. எனக்குச் சுட்டது பன்னெண்டாம் தேதி."

"ஆமாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் உள்ளே போய்ச் சுவிட்சை மாற்றினார். அக்கா வாசலிலேயே நின்றாள். மிச்சம் ஐந்து வீட்டுக்கும் போனாள்.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது என் வீட்டில் வந்து உட்கார்ந்து. நான் அழுதேன். "நீயாவது போய்ச் சொன்னியேக்கா, இவ்வளவு பெரிய கம்பெனிக்காரங்க ஒருத்தனும் தேதி சொல்லலையே" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். எதற்காக அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் எழுந்து போன பிறகுதான் விளங்கியது. நான்காம் தேதி அந்த லெட்ஜரைத் திறந்து எண்ணைப் படித்துச் சொன்னது நான்தான். நான் இன்னும் அதே மேசையில்தான் வேலை பார்க்கிறேன், ஒரு வீட்டு வாசலுக்கும் போகவில்லை.